தண்ணி டேங்கர், ஜேசிபி, ஆளுங்க: காட்டுத்தீக்கு வாடகைக்குக் கேக்கறாங்க, எழுத்துல என்ன வாங்கணும்?

முந்திரிக்கொல்லை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு பண்ருட்டி பக்கம், காடாம்புலியூர்லேருந்து உள்ள போகணும். 12,000 லிட்டர் தண்ணி டேங்கர் லாரி ரெண்டு, ஒரு ஜேசிபி, 5,000 லிட்டர் டிராக்டர் டேங்கர் ஒண்ணு, இதான் நம்ம பொழப்பு. கட்டட வேலை, கல்யாண மண்டபம், சிப்காட் கம்பெனின்னு வருஷம் பூரா ஓடும்.

போன சித்திரைல எங்க ஊருக்கு மேற்க ஒரு முந்திரிக் கொல்லை பத்திக்கிச்சு. மத்தியானம் 2 மணி, மேக்காத்து, கீழ சருகு கணுக்கால மூடற அளவுக்கு கெடக்குது. ஃபயர் வண்டி ஒண்ணு வந்து அடிச்சாங்க, பத்து நிமிஷத்துல தண்ணி தீந்துபோச்சு, திரும்ப ரொப்பிட்டு வரணும்னா 6 கிலோமீட்டர் போகணும், உடனே எனக்கு போன் வருது, டேங்கர எடுத்துட்டு வாங்க ஜேசிபியும் வரட்டும்னு. யாரு என்னன்னு கேக்கற நேரமா அது, எல்லாத்தையும் கெளப்பிட்டேன். போய் நின்னா எங்க லாரில பின்னாடி 3 இஞ்ச் வால்வு மட்டும்தான், தண்ணி தானா எறங்கும், பம்பு கெடையாது. ஓஸ் மாட்டற கப்ளிங் அவங்களது வேற நம்மளது வேற. கடைசில எங்க கிளீனர் பையன் ஈரச் சாக்க சுத்தி ரெண்டு கையாலயும் அமுக்கிப் புடிச்சிக்கிட்டு நின்னான், பாதி தண்ணி மண்ணுக்குதான் போச்சு. ஜேசிபி ராத்திரி 9 மணி வரைக்கும் சருக வழிச்சு கோடு போட்டுச்சு. மொத்தம் 14 லோடு.

அடுத்த வாரம் பில்லு எழுதிட்டுப் போனா கொல்லைக்காரரு "நான் கூப்புடலையேப்பா" ங்கறாரு, போன் பண்ணவங்க "ஊர்க்காரங்க கேட்டாங்க, சொன்னோம்" ங்கறாங்க. சரி, பக்கத்துக் கொல்லை எரியறப்ப காசு பாக்க முடியுமா, அத வுட்டுட்டேன். விட முடியாதது அந்தக் கிளீனர் பையன். 19 வயசு. சாயந்தரம் ஜேசிபி பின்னாடியே உள்ள போயிருக்கான், காத்து திரும்பி வலது முழங்கைக்குக் கீழ வெந்துபோச்சு. ஆஸ்பத்திரில 11 நாள். செலவு நான் பாத்தேன், ஆனா அவங்க அம்மா என்னை ஒரு வார்த்தை கேக்கல, அதுதான் இன்னும் உறுத்துது.

இப்ப ஒருத்தர் வந்து கேக்கறாரு, கோடைல செஞ்சி பக்கம், கல்வராயன் மலை பக்கம் தேவைப்பட்டா டேங்கரும் ஜேசிபியும், கூட 20 ஆளும் அனுப்ப முடியுமா, ரேட்டு அப்புறம் பேசிக்கலாம்னு. என் மச்சான் அமெரிக்காவுல இருக்கான், அங்க இது பெரிய தொழில் மாமா, தனியார் வண்டிதான் ஓடுதுங்கறான். எழுத்துல என்னென்ன வாங்கணும், ஆளுங்கள அனுப்பலாமா கூடாதா, அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

வில்லியனூர் பையன் எழுதியது:

அண்ணா வணக்கம். சொந்த ஊரு வில்லியனூர், இப்ப ஒரிகன்ல. காட்டுத்தீக்கு வண்டி வாடகைக்கு விடற ஒரு சின்ன கம்பெனில ஆபீஸ் வேலை, ரேட்டு போடறது பில்லு அனுப்பறது எல்லாம் என் தலைலதான். உங்க மச்சான் சொன்னது நெசம், ஆனா அந்தத் தொழில் நிக்கறதே ஒரு விஷயத்துலதான்: ரேட்டு, ரூல்ஸ் எல்லாத்தையும் தீ வர்றதுக்கு முன்னாடியே பேசி கையெழுத்து போட்டுடறாங்க. அப்புறம் பேசிக்கலாம்ங்கற பேச்சே கெடையாது.

இங்க ஃபாரஸ்ட் சர்வீஸ்காரங்க விப்பர்னு ஒரு ஆன்லைன் சிஸ்டம் வச்சிருக்காங்க. சீசனுக்கு முன்னாடியே நாம வண்டிக்கு ஒரு நாள் வாடகை இவ்வளவுன்னு போடணும், வண்டிய செக் பண்ணுவாங்க, அப்புறம் ரேட்டையும் வண்டியோட தரத்தையும் வச்சு ஏரியாவாரியா ஒரு வரிசை போட்டுருவாங்க. தீ வந்தா அந்த வரிசைல மேலேருந்து கூப்பிடுவாங்க. வேலை தர்றோம்னு எந்த உத்தரவாதமும் இல்ல. மழை நல்லா பேஞ்ச வருஷம் வண்டி செட்டுலயே நிக்கும், லோன் கட்டணும். மச்சான் இதையும் உங்ககிட்ட சொன்னாரான்னு தெரியல, இதுக்குன்னு புதுசா வண்டி எடுத்துடாதீங்க அண்ணா, இருக்கற வண்டிய வச்சு செஞ்சா போதும்.

இங்க டேங்கர்னு சொன்னா விமானம், தண்ணி லாரிக்கு வாட்டர் டெண்டர்னு பேரு. 4,000 கேலன் கொள்றது டைப் 1, அதாவது ஒரு 15,000 லிட்டர், 2,500 கேலன் டைப் 2, 1,000 கேலன் டைப் 3. உங்க லாரி இங்க இருந்தா டைப் 2. ஆனா பம்பு இல்லாத வண்டிய பட்டியல்லயே சேக்க மாட்டாங்க, அத நீங்களே அனுபவிச்சுட்டீங்க.

பணம் எப்படின்னா நாள் வாடகை, டிரைவர் டீசல் எல்லாம் அதுலயே அடக்கம். போற நாளும் திரும்பற நாளும் 8 மணி நேரத்துக்குக் கொறச்சலா இருந்தா பாதி வாடகை. வண்டி ரிப்பேரா நின்னா அந்த நேரத்துக்குக் காசு இல்ல. தெனமும் ஷிப்ட் டிக்கெட்னு ஒரு சீட்டு, எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது எப்ப முடிஞ்சுதுன்னு எழுதி நம்ம டிரைவரும் அந்த இடத்துப் பொறுப்பாளும் ரெண்டு பேரும் கையெழுத்து போடணும். அந்தச் சீட்டு ஒரு நாள் விட்டுப்போனா அந்த ஒரு நாள் காசுக்கு நான் ரெண்டு மாசம் மெயில் அனுப்பிட்டு உக்காந்திருப்பேன். எல்லாத்துக்கும் மேல ஆர்டர் நம்பர். டிஸ்பாட்ச் ஆபீஸ்லேருந்து அந்த நம்பர் வராம எங்க வண்டி கேட்டத் தாண்டாது, எங்க ஓனர் பக்கத்து மலைல பொகை தெரிஞ்சாக்கூட நம்பர் வந்துச்சான்னுதான் மொதல்ல கேப்பாரு. கல்நெஞ்சுன்னு நெனைக்காதீங்க, நம்பர் இருந்தாதான் நம்ம ஆளு எந்தத் தீயில எந்த மூலைல நிக்கறான்னு ஒருத்தருக்காவது கணக்கு இருக்கும்.

ஆளுங்க விஷயம். இங்கயும் ஒரு க்ரூன்னா 20 பேர்தான். ஆனா ஒவ்வொருத்தரும் வகுப்புல உக்காந்து பாஸ் பண்ணணும், அப்புறம் 20 கிலோ மூட்டைய முதுகுல கட்டிக்கிட்டு 3 மைல், நம்ம கணக்குல 4.8 கிலோமீட்டர், 45 நிமிஷத்துல நடந்து முடிக்கணும், ஓடக் கூடாது. வருஷா வருஷம் திரும்பப் பயிற்சி, தீ சூழ்ந்துட்டா உள்ள படுத்துக்கற கவசக் கூடாரத்த பிரிச்சுப் பழகணும். 2 மணி நேர வேலைக்கு 1 மணி நேர ஓய்வு, 14 நாள் முடிஞ்சா கட்டாய லீவு. இவ்வளவு பாத்தும் சாவு நடக்குது. 2003 ஆகஸ்ட்ல ஐடஹோ தீயில வேலை முடிச்சு ஒரிகனுக்குத் திரும்பிட்டிருந்த தனியார் க்ரூ வேன் எதுக்க வந்த லாரில மோதி 8 பேர் செத்தாங்க. தீயில இல்ல அண்ணா, ரோட்டுல. அதனால ஒப்பந்தத்துல ஓட்டற நேரத்தையும் எழுதுங்க, ராத்திரி பூரா தீயில வேலை பாத்த டிரைவர் காலைல அதே லாரிய பண்ருட்டிக்கு ஓட்டிட்டு வரக் கூடாது.

செஞ்சிமலை எழுதியது:

தம்பி, நான் வனத்துறைல 31 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். வில்லியனூர் தம்பி சொன்னது அந்த ஊருக்கு சரி. நம்ம மலைல வேற மாதிரி.

செஞ்சி பக்கம் பாறை, முள்ளுப் புதர், காஞ்ச புல்லு. கல்வராயன்ல மூங்கிலும் இலையுதிர்ற மரமும். தீ பெரும்பாலும் தரையோட போவும், மரத்து உச்சிக்கு ஏறாது. உங்க 12,000 லிட்டர் லாரி அடிவாரத்து ரோட்டுல நிக்கும், அதுக்கு மேல ஒரு அடி ஏறாது. மலை மேல நாங்க தண்ணிய வச்சு தீய அணைச்சதே இல்ல, பச்சத் தழைய ஒடிச்சு அடிக்கறது, சருகக் கூட்டி மண்ணு தெரியற மாதிரி கோடு எடுக்கறது, பழகினவங்க இருந்தா வர்ற தீக்கு எதுக்கத் தீ வைக்கறது, இதுதான். பிப்ரவரிலேருந்து மே வரைக்கும் தீ காலம், ஃபயர் லைன், அதான் தீ தாண்டாம இருக்கற கோடு, அதுக்கு முன்னாடியே சுத்தம் பண்ணி வச்சிருக்கணும். டேராடூன்ல இருக்கற வன அளவை நிறுவனம் சாட்டிலைட்ட வச்சு போனுக்கு மெசேஜ் அனுப்புது, அட்சரேகை தீர்க்கரேகையோட வரும். ஓடிப் போய் பாத்தா சில சமயம் காட்டோரத்துல யாரோ கரும்புத் தோகை கொளுத்திட்டிருப்பாங்க. அதுவும் போய் பாத்தாத்தான் தெரியும்.

மேல ஏறிப் போற ஆளு யாருன்னா அந்த மலையிலயே பொறந்த வனத்துறை வாட்சருங்க. எந்த ஓடையில எறங்கினா எங்க போய் சேரும், மத்தியானத்துல காத்து எந்தப் பள்ளத்துலேருந்து மேல ஏறும்னு அவங்களுக்குக் காலே சொல்லும். சரிவுல தீ மேல் நோக்கிப் பாயும், மனுஷன் மேல் நோக்கி ஓட முடியாது. சரிவு ஒரு 10 டிகிரி கூடினா தீயோட வேகம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்குன்னு பயிற்சில சொல்லுவாங்க. 2018 மார்ச் 11, தேனி பக்கம் குரங்கணி. 20 பேருக்கு மேல போய்ட்டாங்க, மலை ஏற வந்த பிள்ளைங்க, எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நின்னவங்க. அன்னைக்கு நான் சர்வீஸ்ல இருந்தேன், அந்த மாவட்டம் இல்ல, ஆனா அதுக்கப்புறம் எந்த வெளியூர் ஆளையும் சரிவுக்கு மேல நான் ஏத்தினதே இல்ல.

பண்ருட்டிலேருந்து 20 ஆள லாரில ஏத்தி கல்வராயன்ல எறக்காதீங்க. கைகூப்பிக் கேக்கறேன்.

உங்க முந்திரிக் கொல்லை வேற, அங்க உங்க வண்டிக்கு வேலை இருக்கு. சமதரை, செம்மண்ணு, வண்டி போற பாதை இருக்கு. ஆனா முந்திரி மரம் கிளைய தரையில போட்டுக்கிட்டு நிக்கும், சருகுத் தீ கிளைய புடிச்சா உச்சிக்குப் போயிடும், கொட்டை ஓட்டுல எண்ணெய் வேற. சித்திரைல கொட்டை பொறுக்கற பொம்பளைங்க உள்ள இருப்பாங்க, மொதல்ல அவங்க வெளிய வந்தாச்சான்னு எண்ணிப் பாத்துட்டுதான் ஜேசிபி உள்ள போவணும். ஜேசிபி தீக்கு நெருக்கமா கோடு போடக் கூடாது, நாலு மரம் தள்ளி, ஓட்டறவனுக்கு பின்னாடி வெளிய வர எரியாத வழி ஒண்ணு இருக்கற மாதிரி. அந்தப் பையன் ஜேசிபிக்குப் பின்னாடி நடந்து போனான்னு எழுதியிருக்கீங்க. ஓட்டறவனுக்கு பின்னாடி ஆள் தெரியாது, பொகைல ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாது.

கடலூர் ஓல்டு டவுன் எழுதியது:

நான் காசு விஷயம் மட்டும் சொல்றேன், அதுல அடிபட்டவன்.

2011 டிசம்பர் 30 தானே புயல் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல கரை ஏறி பண்ருட்டி பலாவையும் முந்திரியையும் வேரோட சாய்ச்சுது. அன்னைக்கு சாயந்தரமே எனக்கு போன். ஜேசிபி 3, மெஷின் ரம்பத்தோட 12 ஆளு, 9 நாள் ரோட்டுல விழுந்த மரத்த வெட்டித் தள்ளினோம், தூங்கினது வண்டியிலயே. லாக் புக் எழுதினோம், அங்கங்க யாரு நின்னாங்களோ அவங்ககிட்ட கையெழுத்தும் வாங்கினோம். பணத்துக்குப் போனப்ப மொதக் கேள்வி "இது யாரு கையெழுத்து". பாதி பக்கத்துல வெறும் கிறுக்கல், பேரு இல்ல, பதவி இல்ல, தேதி சில இடத்துல இல்ல. உத்தரவு எங்கன்னாங்க, போன்ல சொன்னாங்கன்னேன். ரெண்டரை வருஷம் அலைஞ்சேன், பாதிக்கும் கொறச்சலா வந்துச்சு, அதுக்குள்ள ஒரு ஜேசிபிய பைனான்ஸ்காரன் எடுத்துட்டுப் போயிட்டான். ஆபீஸ் பேரு சொல்லி பிரயோஜனம் இல்ல, அங்க இருந்தவங்க எல்லாம் மாறிட்டாங்க.

அப்புறம் ஒரு வக்கீல் சொல்லித்தான் தெரியும். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, அதுல பிரிவு 65, மாவட்ட ஆணையமோ அவங்க அதிகாரம் குடுத்த அதிகாரியோ மீட்பு வேலைக்கு உங்க வண்டிய எடுக்கலாம், ஆனா எழுத்து மூலமா உத்தரவு போட்டுத்தான். பிரிவு 66, அப்படி எடுத்த வண்டிக்கு அந்த ஊர்ல நடப்புல இருக்கற வாடகைய வச்சு இழப்பீடு தரணும், தொகை கட்டுப்படி ஆவலன்னா நடுவர்கிட்ட அனுப்பச் சொல்லி கேக்கலாம். எல்லாம் அந்த ஒரு காயிதத்துலேருந்துதான் ஆரம்பிக்குது. அவசரமா இருந்தா வாட்சப்புலயாவது பேரு, பதவி, எந்த வண்டி, எந்த இடம், எந்த நேரத்துலேருந்துன்னு அடிச்சு அனுப்பச் சொல்லுங்க, மறுநாளே ஒரிஜினல் வாங்கிடுங்க. இது சாதாரண வாடகை ஒப்பந்தமாவே இருந்தா உத்யம்னு சிறு தொழிலுக்கான அரசாங்கப் பதிவ இப்பவே போட்டு வைங்க, வேலை செய்றதுக்கு முன்னாடி போட்டிருக்கணும். சிறு தொழில் சட்டப்படி 45 நாளுக்கு மேல பாக்கி வச்சா வட்டி கேக்க வழி இருக்கு.

இன்சூரன்ஸ். லாரிக்கு பாலிசி இருக்கும், சரி. டிரைவர், கிளீனர் ரெண்டு பேருக்கும் தொழிலாளர் இழப்பீட்டுக் கவர் அதுல சேத்திருக்கா பாருங்க, நெறைய பேரு சில நூறு ரூபாய்க்குப் பாத்து கிளீனர விட்டுடுவாங்க. ஜேசிபிக்குத் தனி மெஷினரி பாலிசி. மூணுக்கும் சேத்து கம்பெனிக்கு ஒரு லெட்டர் போடுங்க, தீயணைப்பு வேலைக்கு வண்டி போனா கவர் உண்டா இல்லையான்னு, பதில் எழுத்துல வரட்டும். ஏஜென்ட் வாயால சொல்றது வேணாம்.

வில்லியனூர் பையன் எழுதியது:

செஞ்சிமலை ஐயா, நீங்க சொன்னத படிச்சேன், வெளியூர் ஆள சரிவுல ஏத்தக் கூடாதுங்கறது சரிதான். ஆனா பயிற்சி குடுத்து நிரந்தரமா ஒரு க்ரூ வச்சா நம்ம ஊர்லயும் இது வரலாம்னு எனக்குத் தோணுது, வாட்சருங்களுக்கே சட்டுனு தீப்பிடிக்காத நோமெக்ஸ் துணிச் சட்டையும் தோல் பூட்ஸும் குடுத்தா எவ்வளவு நல்லா இருக்கும்.

அண்ணா, கடலூர்க்காரர் சொன்னதோட ஒண்ணு சேக்கறேன், காயிதத்துல போடற நம்பர் உண்மையா இருக்கணும். 2008 ஆகஸ்ட் 5 கலிபோர்னியா மலைக்காட்டுல வாடகைக்கு எடுத்த ஹெலிகாப்டர் கெளம்பறப்பவே விழுந்து 9 பேர் போனாங்க. விசாரணைல வந்தது, ஒப்பந்தத்துக்குக் குடுத்த பேப்பர்ல ஹெலிகாப்டரோட எடையக் கொறச்சுக் காட்டியிருந்தாங்க, அத நம்பி கணக்குப் போட்டுத்தான் பைலட் ஆளுங்கள ஏத்தினாரு. நம்ம ஊர்ல 12,000ன்னு பெயின்ட்ல எழுதியிருக்கற டேங்குல 10,500 தான் புடிக்கும், எல்லாருக்கும் தெரியும். கல்யாண மண்டபத்துல அது சரி. தீயில அத நம்பி ஒருத்தர் நிப்பாரு.

முந்திரிக்கொல்லை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஐயா, 20 ஆளு அனுப்ப மாட்டேன்னு நேத்தே போன்ல சொல்லிட்டேன். கல்வராயனும் வேணாம்னுட்டேன். செஞ்சி அடிவாரமும் எங்க சுத்துவட்டாரமும் மட்டும், வண்டி தார் ரோட்லயும் கொல்லைப் பாதையிலயும்தான் நிக்கும்.

லெட்டர் எழுத ஆரம்பிச்சிருக்கேன். டேங்கருக்கு நாள் வாடகை, டீசல் டிரைவர் பேட்டா அடக்கம், ஜேசிபிக்கு மணிக்கணக்கு, ராத்திரிக்குத் தனி, எழுத்துல உத்தரவு வந்த நேரத்துலேருந்து கணக்கு, தெனமும் சீட்டுல பேரு பதவியோட கையெழுத்து, 12 மணி நேரத்துக்கு மேல ஒரே டிரைவர் ஓட்ட மாட்டாரு, எங்க ஆளுங்க வண்டிய விட்டு எறங்கி தீக்குப் போக மாட்டாங்க, காயம் பட்டா மருத்துவச் செலவு யாருதுன்னு ஒரு வரி. வேற என்ன விட்டுப்போச்சு?

செஞ்சிமலை எழுதியது:

களத்துல உங்க ஆளுக்கு உத்தரவு குடுக்கறது யாருன்னு ஒரே ஒரு பேரு, போன் நம்பர். தீ நடக்கற எடத்துல பத்து பேரு பத்து திசை காட்டுவாங்க. அந்த ஒருத்தர் சொன்னாத்தான் வண்டி நகரணும். அவரே வெளிய போங்கன்னு சொன்னா காரணம் கேக்காம வெளிய வந்துடணும், அதையும் எழுதுங்க. ஓட்டறவனுக்கு ஆபத்துன்னு தோணினா அவனே திரும்பி வரலாம், அதுக்கு வாடகைய புடிக்கக் கூடாதுன்னும் ஒரு வரி.

கடலூர் ஓல்டு டவுன் எழுதியது:

கப்ளிங் பிரச்சினைக்கு வழி இருக்கு. ஃபயர் சர்வீஸ் ஓஸ்ல இருக்கறது 63 எம்எம், சொருகினா டக்குன்னு மாட்டிக்கற மாதிரி. ஃபயர் சாமான் விக்கற கடையில கேளுங்க, லேத்துல குடுத்து உங்க 3 இஞ்ச் மரைக்கு ஒரு பக்கம், அதுக்கு ஒரு பக்கம்னு அடாப்டர் செஞ்சுக்கலாம். பக்கத்து ஃபயர் ஸ்டேஷன்ல போய் ஒரு தடவ மாட்டிப் பாத்துட்டு வந்துடுங்க, அவங்களே சந்தோஷமா சொல்லித் தருவாங்க.

முந்திரிக்கொல்லை எழுதியது:

ஐயா சொன்ன மூணு வரியும் சேத்தாச்சு.

லேத்துல ரெண்டு அடாப்டர் போட்டேன், ஒரு லாரில 3 இஞ்ச் பெட்ரோல் பம்பு ஃப்ரேம் போட்டு ஏத்திட்டேன். இன்னைக்கு காலைல ஸ்டேஷன்ல கேட்டு அவங்க வண்டில மாட்டிப் பாத்தோம். அவங்க 4,500 லிட்டர் வண்டி ரொம்பறதுக்கு 7 நிமிஷம் ஆச்சு, ஒரு சொட்டு கீழ போகல. மாட்டினது அந்தக் கிளீனர் பையன்தான், இப்ப லைசென்ஸுக்கு எழுதிப் போட்டிருக்கான், வலது கையில தோல் இன்னும் இழுத்துப் புடிக்குதாம், லாக்கத் திருப்ப இடது கையதான் போட்டான். தண்ணி மீட்டர் வச்சு டேங்கையும் அளந்தேன், ஒண்ணு 11,200, இன்னொண்ணு 10,800. பெயின்டர வரச் சொல்லியிருக்கேன். இன்சூரன்ஸ் பதில் இன்னும் வரல, வந்ததும் இங்கயே போடறேன்.